கூட்டத்துக்கு வந்த நர்ஸம்மா

அந்தக் கூட்டத்துக்கு நோயாளிகள் சிலரை மரியபுஷ்பமே அனுப்பி வைத்திருந்தாள். தானும் ஒருநாள் அங்கே போக வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்ததில் மைசூர் ராஜ்யம் புதிதாகப் பெரிதாகியிருந்த சமயம் அது. அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். கணவன் தேவநேசன் டைபாய்டில் போனான். அதே வருஷம் வயிற்றில் இருந்த பிள்ளையும் செத்துப் பிறந்தது. உடம்பு தேற டாக்டர் கொடுக்கச் சொன்ன பிராந்தி, உடம்பு தேறிய பிறகும் நிற்கவில்லை. குவார்ட்டர்ஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு குடிப்பாள். விடிந்தால் ஏலக்காயை மென்றபடி, கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் வேலைக்குப் போவாள்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னவன் ரத்தினவேல். கௌதள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த கொத்தன். குடித்துக் குடித்து ரத்த வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனை, வாளியும் துணியுமாகப் பக்கத்தில் இருந்து தேற்றியவள் அவள்தான். அவன் பிழைத்துப் போய், அந்தக் கூட்டத்தில் சேர்ந்து குடியையும் விட்டான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கொர்னேலியஸ், பம்பாயில் இதுபோல ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்த கூட்டமாம். வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச் பள்ளிக்கூடத்தில் குடிகாரர்கள் கூடி உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். பிரசங்கம் கிடையாது, சத்தியம் வாங்குவது கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஊசி போடப் போன இடத்தில் அவளுக்குக் கை நடுங்கியது. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்ததில் நோயாளி அழுதுவிட்டான். அன்று சாயங்காலம் உடுப்பைக்கூட மாற்றாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“வாங்க சிஸ்டர், வாங்க!” என்று ரத்தினவேல் எழுந்தான். கொர்னேலியஸ் எல்லோருக்கும் முன்னால் நாற்காலி போட்டார். “நம்மளுக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்ல சிஸ்டர் வந்திருக்காங்க.”

“சொல்ல வரல. நானும் குடிக்கிறேன். விட முடியல” என்றாள் அவள்.

யாரோ ஒருவன் சிரித்தான்.

கொர்னேலியஸ் அவளை வெளியே அழைத்து வந்தார். “தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பாதர் இந்த ரூமைச் சும்மா விட்டிருக்கார். பொம்பளை வந்து குடிக்கிறேன்னு சொன்னது தெரிஞ்சா எல்லாம் ஹாளாயிடும், பாழாப் போயிடும். இங்க வர்றவங்களுக்கும் குடும்பம் இருக்கு, அல்லவா?”

அடுத்த வாரம் போனபோது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கூட்டம் எங்கே என்று கேட்டதற்கு வாட்ச்மேன் கையை விரித்தான். அவள் விடவில்லை. ரத்தினவேல் வேலை செய்யும் கட்டடத்தைத் தேடிப் போய், சாரத்தின் கீழே நின்று கூப்பிட்டாள். சுண்ணாம்புக் கையோடு இறங்கி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு எதுக்குங்க சிஸ்டர் இதெல்லாம்? பொம்பளைங்க...”

“நீ ரத்தம் கக்கினப்ப நான் பொம்பளைன்னு தெரியலையா?”

“அப்ப நீங்க நர்ஸுங்க” என்றான். பிறகு மனசு கேட்காமல், “அக்ரஹாரத்துல, அச்சுக்கூடத்துக்குப் பின்னாடிங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க” என்றான்.

போனாள். கொர்னேலியஸ் பெருமூச்சு விட்டார். கடைசியில் வராந்தாவில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, “இங்கிருந்தே கேளுங்க” என்றார்.

அதற்கும் சம்மதித்தாள். வாராவாரம் ஜன்னல் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து கேட்டாள். ஆறுமுகசாமி என்பவன் குடிவெறியில் பெண்டாட்டியின் கையை உடைத்ததைச் சொல்லி அழுதான். “இங்க எல்லாரும் ஒண்ணுதான்பா” என்று அவன் முதுகைத் தடவினார்கள். தான் யார் கையையும் உடைக்கவில்லை என்று நினைத்தாள் மரியபுஷ்பம். ஆனாலும் அவன் சொன்ன நடுக்கம், பொய், ஒளித்து வைக்கும் இடம் எல்லாம் அவளுடையவையாகவே இருந்தன. அந்த வாரங்களில் அவள் குடிக்கவில்லை.

ஒருநாள் உள்ளே ஒருவன் பேசி முடித்ததும் அடுத்துப் பேச யாரும் முன்வரவில்லை. அவள் ஜன்னல் வழியாகப் பேசத் தொடங்கினாள். “என் பேர் மரியபுஷ்பம். செத்த பிள்ளையை எனக்குக் காட்டவே இல்லை. அன்னைக்குத்தான் முதல் முதலா...”

ரத்தினவேல் எழுந்து வந்தான். தலையைக் குனிந்துகொண்டு ஜன்னல் கதவைச் சாத்தினான். உள்ளே கொக்கி விழுந்தது.

அன்று அவள் குடித்தாள். மறுநாளும் குடித்தாள். தரையில் கிடந்து ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லித் திட்டினாள். காய்ச்சல் என்று வார்டுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் போனாள். வராந்தா நாற்காலியை இழுத்து வாசற்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், இது சரியில்ல” என்றார் கொர்னேலியஸ்.

“சரியில்லதான். ஆரம்பிங்க.”

தூக்கி எறிய யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளைத் தாண்டாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஆரம்பித்தார்கள். அவள் முறை வந்தபோது அவளும் பேசினாள். யாரும் “ஒண்ணுதான்” என்று சொல்லவில்லை. பாதிப் பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவள் குடிக்கவில்லை. வருஷக்கணக்காக அதே கூட்டத்துக்குப் போனாள். கடைசிவரை அவர்களில் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை.