அரை அடி வலப்பக்கம்

ஆபரேஷன் தியேட்டரில் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக மயக்க மருந்து கொடுத்துப் பழகிய கைகள். சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? ஆனால் போன வாரம் மேற்பார்வையாளர்களுக்கென்று நடந்த இரண்டு நாள் பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். பட்டமேற்படிப்பு மாணவர்கள் செய்வதைக் கண்ணால் பாருங்கள், கையால் பார்க்காதீர்கள். வாத்தியாருக்கே வகுப்பா என்று முணுமுணுத்துக்கொண்டு போனவள் நான். வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "நம்ம பொண்ணுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தியே, அப்ப ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சு?" எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

இன்று மாலைக்குள் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதை என் மூன்றாம் ஆண்டு மாணவி தனியாகச் செய்வாளா? ஆம் என்று எழுதினால் அடுத்த மாதம் முதல் அவசர டியூட்டியில் அவள் மட்டும்தான், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளுடைய பதிவு நோட்டில் நாற்பத்தொரு இடத்தில் 'தனியாகச் செய்தார்' என்று இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கும் கீழே என் கையெழுத்து. டீ குடித்துக்கொண்டே பத்துப் பத்தாகப் போட்டது. அதில் ஒன்றையாவது முழுசாகப் பார்த்தேனா என்று யோசித்தால் தலை சுற்றியது.

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த லாரி டிரைவர் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் ஊசியை ஏற்றினாள். எலும்பு தட்டியது. சாய்வை மாற்றினாள். மறுபடியும் எலும்பு. என் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று பிசைந்தன. அப்போது அவள் ஊசியை வெளியே எடுத்துவிட்டு, அரை அடி வலப்பக்கம் நகர்ந்து நின்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அது எனக்கு விட்ட இடம். மூன்று வருஷமாக, இரண்டாவது தடவை எலும்பு தட்டியதும் நான் "தள்ளு, நான் போடறேன்" என்பேன். இப்போது சொல்லாமலே தள்ளிக்கொள்கிறாள்.

"நீயே பாரும்மா."

"மேடம், ஏதாச்சும் தப்பாப் பண்றேனா?"

"இல்லியே. ஏன்?"

"இன்னும் திட்டவே இல்ல. பயமா இருக்கு."

தலையணைக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. "ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் ஓட்டுங்கம்மா."

அவள் திரும்பி வந்தாள். கட்டைவிரலால் முதுகைத் தடவி இடம் பார்த்து, மூன்றாவது தடவை ஏற்றினாள். ஊசியின் பின்முனையில் தெளிந்த தண்டுவட நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த நிம்மதி கை கழுவுகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. செய்துவிட்டாள், சரி. "நீயே பார்" என்று நான் சொன்னேனே, அது உதவியில் சேர்த்தியா? நான் இல்லாத அறையில் அவள் யாருக்காக நகர்ந்து நிற்பாள்? இது அவள் குறையா, என் குறையா? படிவத்தில் அவளைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

மதியம் நோட்டோடு என் அறைக்கு வந்தாள். நாற்பத்திரண்டாவது வரியில் நோயாளியின் வயது, ஊசியின் அளவு எல்லாம் எழுதியிருந்தாள். கடைசிக் கட்டம் மட்டும் காலி.

"தனியாவா, உதவியோடவான்னு எனக்கே தெரியல மேடம். நீங்களே போட்டுடுங்க."

பேனாவின் மூடியைத் திறந்து நோட்டின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, அரை அடி வலப்பக்கம் நகர்ந்து நின்றாள். என் கைகள் இரண்டும் மேசைக்குக் கீழே இருந்தன.