எல்லாப் பாட்டும் இலவசம்

ஓரான் நகரத்துக் கல்யாணங்களில் பாடிப் பிழைத்தவள் ஹூரியா. இணையத்தில் பாட்டை இலவசமாக அள்ளிக்கொள்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அண்டை வீட்டுப் பையன்களின் போனில் தன் குரல் கேட்டால் ஜன்னலைத் திறந்துவைத்துத் திட்டுவாள். கேட்க ஊரே இருக்கிறது, கூலி கொடுக்கத்தான் ஆளில்லை. பாடகியின் வயிறு மட்டும் காற்றைக் குடித்தா நிறையும்?

புருஷன் மிலூத் இறந்து, நாற்பதாம் நாள் கூஸ்கூஸ் சாப்பிட்டு உறவெல்லாம் கலைந்தபின், அவன் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்தது. அவள் பாடும்போது நடுவில் புகுந்து, இந்தப் பாட்டு இன்னாருக்கு என்று மேடையில் கூவுவதுதான் மிலூத்தின் வேலை. ஊரார் பெயரையெல்லாம் கூவியவன், ஒரே ஒரு கேசட்டில் அவள் பெயரைக் கூவியிருந்தான். வீட்டிலிருந்த பிரதியை டேப் ரெக்கார்டர் எப்போதோ மென்று துப்பிவிட்டது. பதிவுசெய்த முதலாளியோ மூலநாடாவை அழித்து அதன்மேல் பிரெஞ்சுப் பாடம் பதிந்து விற்றுவிட்டான்.

மகள் கைராதான் தேடிப் பிடித்தாள்.

"கெடச்சிருச்சும்மா. ஆனா இலவச தளத்துல இருக்கு. திட்டக் கூடாது."

"போடுடி மொதல்ல."

ஹூரியாவின் இளங்குரல் ஓர் அடியைப் பாடி நின்றது. கூவுவதற்காக மிலூத் மூச்சை இழுப்பது கேட்டது.

"நதீர் மியூசிக்! எல்லாப் பாட்டும் இலவசம்!" என்று எவனோ கத்தினான். அவன் கத்தி ஓய்ந்தபோது ஹூரியா அடுத்த அடிக்குப் போயிருந்தாள்.

மறுநாளே சந்தையில் நதீரின் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தாள்.

"பாடகி ஹூரியாவா! உக்காருங்க பெரியம்மா! நீங்க இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. நீதான் நான் செத்துட்டதா நெனச்சு சொத்தைப் பிரிச்சுட்டே."

"என்ன பெரியம்மா இப்படிச் சொல்றீங்க? கடல் தாண்டி மார்சேல்ல இருக்கற நம்ம பசங்க வரைக்கும் ஒங்களைக் கேக்கறாங்க. யாரால? நான் ஏத்தலேன்னா ஒங்க பாட்டு குப்பையில போயிருக்கும்."

அதில் பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு எரிந்தது. சண்டைக்கு வந்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒன் கத்தல் இல்லாத பிரதி ஒண்ணு குடுப்பா. அந்த எடத்துலதான் என் வீட்டுக்காரர் பேசறார்."

நதீர் தலையைச் சொறிந்தான். "ஒரு டாக்சிக்காரர் குடுத்த கேசட்டு அது. கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் தூக்கிப் போட்டுட்டேன். என் பேரு சேத்ததுதான் இருக்கு."

"எதுக்குடா நடுவுல கத்தினே?"

"கத்தலேன்னா கண்டவனும் திருடித் தன் தளத்துல போட்டுக்குவானே! இந்தத் தொழில்ல எவனுக்கும் நாணயம் இல்லே பெரியம்மா."

ஹூரியா அவனையே பார்த்தாள். அவனுக்கும் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. மைக்கை அருகே இழுத்தான். "அவரு என்ன சொன்னாருன்னு சொல்லுங்க. நானே அதே மாதிரி சொல்லிப் பதிஞ்சு தரேன். ஒங்களுக்கு இலவசம்."

அவள் எழுந்தாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.

வந்ததும் அந்தப் பாட்டைத் தன் போனில் இறக்கித் தரச் சொன்னாள் கைராவிடம். இத்தனை வருஷமாக யாரைச் சபித்தாளோ அவர்களில் தானும் ஒருத்தியானாள். பாட்டை ஓடவிட்டு, மிலூத் மூச்சை இழுத்ததும் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

"ஏம்மா அங்கயே நிறுத்தறே?" என்றாள் கைரா.

"அவ்வளவுதான்டி அந்த நதீர் மிச்சம் வச்சிருக்கான்."