நெட்பால் மிஸ்ஸின் பெடியன்கள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அந்தத் தனியார் கல்லூரியின் கூடைப்பந்துக் குழுவோடு ஆட வருகிறவர்கள், பாதி ஆட்டத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலைக் கடைக்காரரோடு கதை பேசிவிட்டு வந்தாலும் இருபது புள்ளி முன்னால்தான் இருப்பார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் கிள்ளான் கல்லூரியிடம் வாங்கிய அடியில், பலகையில் புள்ளி எழுதியவனுக்கே கை சுளுக்கிக்கொண்டது. பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஈப்போவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுவருஷத் தொடக்கத்தில் முதல்வர் கனகலிங்கம், கணக்குப் பாடம் எடுக்கும் குணேஸ்வரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், நீங்கள் முந்திச் சிலாங்கூர் மாநிலத்துக்கு நெட்பால் விளையாடினனீங்கள் எல்லோ?"

"ஓம் சேர்."

"அப்ப பெடியங்களின்ர பாஸ்கெட்பாலையும் பாத்துக்கொள்ளுங்கோ. ரெண்டிலயும் ஒரு வளையம், ஒரு பந்து. பெரிசா என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் மலையளவு. நெட்பாலில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்து கைக்கு வந்தால் கால் நிற்க வேண்டும். மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். தடுக்க வருகிறவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். இதையெல்லாம் சொல்லத்தான் குணேஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் முதல்வர் சிரித்துக்கொண்டே அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"லீக்கில முதல் ஆட்டமே கிள்ளானோட. வெல்லாட்டிக் குழுவைக் கலைச்சுப்போட்டு, அந்தத் திடல்ல கார் விடப்போறம். பொம்பிளை ஒராளைப் போட்டும் பாத்தம், சரிவரேல்லை எண்டு நிர்வாகத்துக்குச் சொல்லலாம்."

ஆக, தோற்பதற்கென்றே ஆள் பிடித்திருக்கிறார். குணேஸ்வரி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அன்று சிவந்த சிவப்பைப் பார்த்து வெளியே ஒரு மினி பஸ் பிரேக் போட்டதாகக் கேள்வி.

"சரி சேர். நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்றைக்கே முடிவு செய்தாள். தனக்குத் தெரியாத ஆட்டத்தைத் தெரிந்த மாதிரி நடித்துத் தோற்கப் போவதில்லை. தெரிந்த ஆட்டத்தையே ஆடவைப்பாள்.

முதல் நாள் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஜெயராஜ்தான் ராஜா. பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். விட்டால் பந்திங்கிலிருந்தே பந்தைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவான். யாருக்கும் கொடுக்க மாட்டான். அவனுடைய குழுவிலேயே பாதிப் பேருக்குப் பந்து எந்த நிறம் என்று தெரியாது.

"தம்பிமார், இண்டையிலயிருந்து பந்து தரையைத் தொடக்கூடாது," என்றாள் குணேஸ்வரி.

"எப்படி மிஸ்? பறந்துகிட்டே ஆடறதா?" என்றான் வாசு.

"நான் கை தட்டுவன். மூண்டாவது தட்டுக்குப் பந்து உங்கட கையில இருந்தா திடலைச் சுத்தி ஒரு ஓட்டம்."

ஜெயராஜுக்குப் புரிந்துவிட்டது. "மிஸ், இது நெட்பால் லா! பொண்ணுங்க ஆடறது!"

"ஓம். பொம்பிளையள் ஆடுறதுதான். உம்மால ஏலாட்டிச் சொல்லும்."

ஜெயராஜ் பந்தைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். அவன் பின்னாலேயே ஐந்து பேர் போனார்கள். மிச்சமிருந்த ஆறு பேரில் சுங்கை பூலோ பக்கிரிசாமி மட்டும்தான் உயரம். நிலைப்படியில் இடித்து இடித்து அவன் நெற்றி தட்டையாகிவிட்டதென்று சொல்வார்கள்.

ஆறு பேரை வைத்துக்கொண்டு அவள் தொடங்கினாள். தட், தட், தட். மூன்றாவது தட்டுக்குள் பந்து பறக்க வேண்டும். வளையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய பலகையைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. தூணில் வெறும் வளையம்தான். "நல்லதாப் போச்சு. நெட்பால்லயும் பலகை இல்லை," என்றாள். பலகையில் பட்டு விழும் அதிர்ஷ்டப் பந்துக்கே இடமில்லை. நேரே உள்ளே போட்டால் உண்டு.

மாடிப்படியில் தினமும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

"மிஸ்! பையன்களுக்குப் பாவாடை எப்ப வரும்?" என்று ஒருவன் கத்தினான்.

"நாளைக்கு வரும். உமக்கும் ஒண்டு தைக்கக் குடுக்கட்டோ? இடுப்பளவைச் சொல்லும்!"

கூட்டமே அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. அதற்கப்புறம் அவன் அந்தப் படியில் ஏறவேயில்லை. வேறு படி தேடி மூன்று தெரு சுற்றிப் போனான்.

மாதம் ஒன்று போனதும் பையன்களுக்கு அது வியாதியாகிவிட்டது. கேன்டீனில் ரொட்டி சானாய் தட்டு கைக்கு வந்தால் பக்கிரிசாமி அதை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவான். அக்கா குழந்தையைக் கையில் கொடுத்தால், வாசு மூன்றாவது விநாடி அதை மச்சான் மடியில் வைத்துவிடுவான். குழந்தைக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

ஜெயராஜ் வேலிக்கு வெளியே நின்று கேலி செய்யத்தான் வந்தான். ஆனால் ஆறு பேர் நடுவில் பந்து ஒரு தும்பி மாதிரி தரை படாமல் திரிவதைப் பார்க்கப் பார்க்க அவன் விரல்கள் வேலிக் கம்பியைப் பிராண்ட ஆரம்பித்தன. ஒரு சாயங்காலம் உள்ளே வந்து நின்றான்.

"மிஸ், எனக்கும் கத்துக் குடுங்க."

"முதல்ல திடலைச் சுத்தி ஓடும். வேலிக்கு வெளியில நிண்ட நாளுக்கெல்லாம் சேத்து."

ஓடினான். கிள்ளான் வரைக்கும் தூரம் வந்திருக்கும்.

ஆட்டத்தன்று முதல்வர் கனகலிங்கம் நல்ல கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். இழவு வீட்டுக்கு வருகிற முகம். முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கிள்ளான் பையன்கள் தட்டுகிற பந்தைப் பறிப்பதில் சூரர்கள். இங்கே யாரும் தட்டவேயில்லை. பறிக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடியே நிற்க, தலைக்கு மேலே பந்து போனது. வாசு, ஜெயராஜ், வாசு, பக்கிரிசாமி, வளையம். பலகையில் படாமல் உள்ளே விழும் சத்தம் மட்டும்.

"ஓய், இது என்ன கேம்? பாஸ்கெட்பால் ஆடு லா!" என்று கிள்ளான் தலைவன் கத்தினான்.

"எங்க மிஸ்கிட்ட கேளு, பாஸ்!" என்றான் வாசு.

தடுப்பதில்தான் சங்கடம். மூன்றடி தள்ளி நின்றே பழகியதால் இவர்கள் எவனையும் தொடவில்லை. கிள்ளான்காரர்களும் நிம்மதியாக நின்று குறிபார்த்துப் போட்டார்கள். புள்ளி ஏறியது, இறங்காமல் இரண்டு பக்கமும் ஏறியது. முதல்வர் முதலில் காலை ஆட்டினார். பிறகு டையைத் தளர்த்தினார். பிறகு எழுந்து நின்றார். "நடுவர்! கண் எங்க, பிடரியிலயோ இருக்கு?" என்று அவர் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் கப்பல்கள் பதில் ஊதின.

கடைசி நிமிஷத்தில் கிள்ளான் ஒரே ஒரு புள்ளி முன்னால். தவறிய பந்தை ஜெயராஜ் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தான். முன்னால் பாதித் திடல் காலி. ஒருவனும் இல்லை. தட்டிக்கொண்டு ஓடினால் கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்தே போய்ப் போட்டுவிடலாம்.

"தட்டடா! தட்டிக்கொண்டு ஓடடா!" முதல்வர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஜெயராஜின் கால் நகரவில்லை. கைக்கு வந்தால் கால் நிற்கும் என்று உடம்பு படித்துவிட்டது. மூன்றாவது விநாடியில், ஓடிவந்த பக்கிரிசாமிக்கு எறிந்தான். பக்கிரிசாமி எட்டிப் பிடித்து, நின்ற இடத்திலிருந்து போட்டான். பந்து வளையத்தின் விளிம்பை ஒரு சுற்று சுற்றியது. யோசித்தது. வெளியே விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

ஜெயராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "தட்டிக்கிட்டு ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம் மிஸ்."

"ஓம். வெண்டிருப்பம். தட்டாதை எண்டு சொன்னது ஆர்? நான். அப்ப தோத்தது நான். நீர் தலையை நிமித்திக்கொண்டு பஸ்ஸில ஏறும்."

திங்கட்கிழமை குழு கலைந்துவிட்டதாகத்தான் கல்லூரி முழுக்கப் பேச்சு. குணேஸ்வரி வழக்கம்போல விசிலோடு திடலில் நின்றாள். பையன்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதல்வரும் வந்தார்.

"சேர், கலைக்கிறதெண்டா இஞ்ச, இவையளுக்கு முன்னால சொல்லுங்கோ," என்றாள். காது மடல் சிவந்திருந்தது. "ஆனா ஒண்டு. கலைச்சாலும் நாங்கள் நாளைக்கும் இதே திடல்ல நிப்பம். கார் விடுறவை எங்களுக்கு மேலால விடட்டும்."

முதல்வர் வாயைத் திறந்தார். குரல் இல்லை. கிள்ளானிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். கொதிக்கிற கெண்டி மாதிரி ஒரு காற்று மட்டும் வந்தது. கையை ஆட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஜெயராஜின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கினார். டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டார்.

"அந்தக் கடைசிப் பந்து..." என்று கரகரத்தார். "ரெண்டு ராவா நித்திரை இல்லை. இப்பிடி... இப்பிடியெல்லோ போயிருக்க வேணும்!"

தட்டிக்கொண்டு ஓடினார். நாலாவது தட்டில் பந்து அவர் காலில் போட்டிருந்த பளபளப்பான சப்பாத்தில் பட்டு, உருண்டு, வாய்க்காலுக்குள் விழுந்தது. பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

"அப்பிடித் தட்டியிருந்தா ஜெயராஜும் வாய்க்காலுக்குள்ளதான் சேர் போயிருப்பான்," என்றாள் குணேஸ்வரி. "தட்ட எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. படிச்சு முடிக்க ஒரு வருஷம் வேணும்."

முதல்வர் வாய்க்காலைப் பார்த்தார். பையன்களைப் பார்த்தார். "ஒரு வருஷமோ?" என்று காற்றாகக் கேட்டார்.

"குறைஞ்சது. நாலரைக்குப் பயிற்சி. நாளைக்கு வேற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ."