எண்ணெய் விட்ட மூடி

1

இந்தக் கதை ஒரு முட்டைக்கோஸிலிருந்து தொடங்கியது. இதைவிட உன்னதமான இடத்தைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் முதல் வரியிலேயே பொய் சொல்லிவிட்டால், பிறகு சொல்ல வேண்டிய பொய்களுக்கு மதிப்பிருக்காது.

என் அக்கா படங்களுக்குச் சத்தம் செய்கிறவள். திரையில் கதாநாயகன் ஒருவனின் மண்டையை உடைக்கும்போது, இருட்டறையில் மைக்குக்கு முன்னால் அக்கா முட்டைக்கோஸை உடைப்பாள். விலா எலும்புக்குக் காரட். கத்தி இறங்குவதற்குத் தர்பூசணி. ஒரு சண்டைப் படம் முடிந்தால், பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் செத்தவர்களைத்தான் சமைத்துச் சாப்பிடுவோம்.

இப்போது அவள் கையில் இருப்பது ஒரு போர்ப்படம். அவள் கணவர், என் அத்தான், பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் கதை தானாக நடந்துபோகும் என்று நம்பினேன்.

2

முதல் தொடக்கம்: ‘குண்டு விழுந்தது. வானம் கிழிந்தது. அவன் தன் தாய்மண்ணை ஒரு பிடி அள்ளி—’

(விட்டுவிட்டேன். நான் நேரில் கேட்ட ஒரே துப்பாக்கிச் சத்தம், பொருட்காட்சியில் பலூன் சுடுகிற துப்பாக்கியுடையது. அதிலும் குறி தப்பியது.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஒற்றைக் காலை இழுத்து இழுத்து அந்த முன்னாள் வீரர் ஜன்னலருகே வந்தார். வெளியே மழை—’

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“ஏண்டா, உங்க அத்தான் எப்போடா காலை இழுத்தார்? காலையிலகூட மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவிட்டுப் போனார்.”

“ஒரு எஃபெக்ட்டுக்குக்கா.”

“எங்க டைரக்டரும் இதையேதான் சொல்றார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடை போடுங்க.”

அத்தானின் காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மழையையும்.

3

அந்த டைரக்டருக்கு மூச்சுக்கு மூச்சு ‘உலகத்தரம்’. அவர் நாயகனின் துப்பாக்கியில் குண்டு தீராது. ஒரே காட்சியில் அறுபத்து மூன்று, உட்கார்ந்து எண்ணினேன். எதிரிகள் ஒரு குண்டுக்கே அடங்கிவிடுகிறார்கள். நாயகனோ ஏழு வாங்கிக்கொண்டு நாட்டைப் பற்றி நாலு நிமிடம் பேசுகிறார். முதுகுக்குப் பின்னால் பீரங்கி வண்டி வெடிக்கும்போது அவர் திரும்புவதில்லை. வாரிவிட்ட முடி மட்டும் மரியாதைக்கு அசைந்து கொடுக்கிறது.

இதையெல்லாம் கிண்டல் செய்வது சுலபம். குண்டுக் கணக்குச் சரியாக இருந்த படங்களும் பொய்யாக இருந்திருக்கின்றனவே. போர்ப்படம் போட்டால் அத்தான் ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார். ஒருநாள் எழுப்பிக் கேட்டேன்.

“எது அத்தான் பிடிக்கலை?”

கொட்டாவி விட்டார். “எல்லாரும் எங்க ஓடறோம்னு தெரிஞ்சே ஓடறாங்களேப்பா.” கொஞ்சம் யோசித்து, “அப்புறம், ஒருத்தனுக்கும் பூட்ஸ் கடிக்கலை” என்றார்.*

(* இதை என் கட்டுரை ஒன்றில் சொந்தக் கருத்தாக எழுதி, நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.)

4

அக்கா சத்தம் செய்யும் அந்த அறையைச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால், மதியம் மூன்று மணி வெளியிலேயே செருப்புகளோடு நின்றுகொள்ளும். திரையில் வீரர்கள் தொட்டிக்குள் மீன்கள்போல ஓடுவார்கள். வாய் திறந்து கத்துவார்கள், ஒன்றும் வராது. ஒருவன் விழுவான், எழுவான், பின்னோக்கி ஓடுவான், அக்காவுக்குக் காலடி அமையும்வரை மறுபடி மறுபடி விழுவான். கைகளில் பூட்ஸை மாட்டிக்கொண்டு மணல் தட்டில் அக்கா ஒரு பட்டாளத்தையே நடத்திப்போவாள். பார்த்துக்கொண்டிருந்தால் நாம் தூங்குகிறோமா, அவர்கள் தூங்குகிறார்களா என்று சந்தேகம் வரும்.

அன்றைய காட்சி: அடிபட்டுக் கிடப்பவனுக்கு நண்பன் தண்ணீர் கொடுக்கிறான். மூடி திறக்கும் சத்தம் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில்கள் பிளாஸ்டிக்காகவே ஒலித்தன. அக்கா பரணிலிருந்து அத்தானின் பழைய பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பியை எடுத்து வந்திருந்தாள். கேட்காமல். மூடி ஒரு சின்னச் சங்கிலியில் தொங்கியது. சங்கிலியில் அறுந்துபோன ஒரு கண்ணிக்குப் பதிலாக ஊக்கு. மூடியின் திருகுமரை கரகரத்து, பதிவைக் கெடுத்தது. தொழில் தெரிந்தவள் செய்வதைச் செய்தாள்: இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள்.

சங்கிலி குப்பியில் தட்டியது. ஊக்கு சிணுங்கியது. மூடி வழுக்கிக்கொண்டு திறந்தது.

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். “புல்லரிக்குது மேடம்! இதை டிரெய்லர்ல மூணு தடவை போடறோம். கடைசி வரிசைக்காரனுக்குத் தொண்டை வறளணும்!”

அவருக்குப் பின்னால், அக்காவைக் கூட்டிப்போக வந்த அத்தான் கதவருகே நின்றிருந்தார். வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். நடந்தே போய்விட்டார்.

5

(இங்கே ஒரு நினைவுக் காட்சி எழுதியிருந்தேன். புகை, குன்று, நண்பனின் முகம். நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

வீட்டில் நடந்தது, அக்கா சொன்னபடி:

“கேட்காம எடுத்தது தப்புதாங்க.”

“எண்ணெய் விட்டியா?”

“ஆமா. கரகரன்னு இழுத்துச்சு.”

“அன்னைக்கும் இழுத்துச்சு.”

சமையலறைக் குழாய் ஒன்பது சொட்டுச் சொட்டியதாம். அக்காவுக்கு அதெல்லாம் கேட்கும்.

“மரையில மணல் ஏறியிருந்துச்சு. அவன் தண்ணி தண்ணின்னான். அரைச் சுத்து வந்துச்சு, அதுக்கு மேல வரலை. நான் திறந்தப்போ அவன் கேக்கறதை நிறுத்திட்டான்.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பட்டாளத்தைப் பற்றி அத்தான் பேசிய மிக நீண்ட பேச்சு இதுதான்.

6

மறுநாள் பத்து மணிக்கு, எல்லாச் சத்தங்களையும் படத்தோடு கலந்து முடிக்கும் கடைசி மிக்ஸிங்.

முடிவு ஒன்று: அக்கா ஏதோ ஒரு டப்பா மூடியின் சத்தத்தை மாற்றி வைத்துவிடுகிறாள். டைரக்டருக்கு அப்போதும் புல்லரிக்கிறது. அத்தான் தியேட்டரில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

முடிவு இரண்டு: அதே சத்தம் அரங்கை நிறைக்க, அத்தான் கண்ணீரோடு எழுந்து நின்று, விறைப்பாக ஒரு சல்யூட்—

(சீ. இது டைரக்டருடைய முடிவு. இவர் எப்போது என் பேனாவுக்குள் ஏறினார்?)

எனக்குத் தெரிந்தவரை நடந்தது: எட்டு மணிக்கே அத்தானும் அக்காவோடு வந்தார். மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் போகத் துடைத்தார். மணல் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மரையில் தேய்த்தார். இறுக்கி மூடினார்.

“இப்போ பதிவு பண்ணு.”

“படத்துல அவன் தண்ணி குடிக்கிறானேங்க. மூடி திறந்தாகணும்.”

“தெரியும்.”

“உங்களால ஆகுமா?”

“நீ விளக்கைப் போடும்மா.”

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கிடந்தவன் சத்தமில்லாமல் வாய் திறந்தான். அத்தான் திருகினார். சங்கிலி, ஊக்கு, கரகரப்பு. அரைச் சுற்றில் நின்றது.

இங்கேயே நிறுத்துகிறேன். அவர் கைமேல் என் கையை வைத்துத் திருகிவிட எனக்கும் ஆசைதான், ஒரு எஃபெக்ட்டுக்கு. ஆனால் என் கை எப்படிப்பட்டதென்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீதி அரைச் சுற்றை உங்களிடம் விடுகிறேன்.

மெதுவாக. இந்த அறையில் எல்லாமே பதிவாகும்.