பறக்காத பாடம்

காரியம் முடிந்து மூன்றாம் நாள், கௌசர் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள். செத்துப்போன காயத்ரிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கற்றுக்கொடுத்தாளாம்! அந்தப் பேச்சே அவளுக்கு வாயில் கசந்தது.

காயத்ரியின் அப்பா சபாபதி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. பிளேன் சுத்திக்கினு விழறப்போ ஸ்டிக்கை முன்னால தள்ளணுமாம். தனியாப் பறந்த எம் பொண்ணு இழுத்துக்கினே இருந்துச்சாம். சொல்லிக் குடுத்தாச்சு, அதுதான் மறந்துடுச்சுன்னு விசாரணை ஆபீசர் சொல்றாரு. பாடம் முடிஞ்சதா உன் கையெழுத்து இருக்குதாமே. நெசமாவே மறந்துடுச்சா? ஒரு தபா பார்த்த டிசைனைக்கூட மறக்காத பொண்ணும்மா அது."

உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மனைவி மங்கையர்க்கரசி அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன் இதே அம்மா, புருஷனுக்குத் தெரியாமல், ஒலிமுகமதுபேட்டைக்குக் கௌசரின் வீடு தேடி வந்தாள். கையில் மகளின் நிச்சயதார்த்தத் தாம்பூலம்.

"தேதி குறிச்ச பொண்ணை நாங்க வாசப்படி தாண்டவே விடமாட்டோம்மா. அந்தச் சுத்தி விழற வேலை மட்டும் இப்போ வேணாம். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் எப்படி வேணா சுத்தட்டும். நீயும் நம்ம ஊரு பொண்ணுதானே?"

நம்ம ஊரு பொண்ணு! அதில் உருகிப் போனாள் கௌசர். சுழற்சியிலிருந்து மீளும் பயிற்சி முடியாமல் தனியாகப் பறக்க அனுமதி கிடையாது. காயத்ரியோ கல்யாணத்துக்குள் தனியாகப் பறந்துவிட வேண்டுமென்று துடித்தாள். அம்மா மனமும் நோகக்கூடாது, மகள் மனமும் நோகக்கூடாது. பெரிய தர்மவதி! கரும்பலகையில் கால் மணி நேரம் படம் போட்டுக் காட்டிவிட்டு, பறக்காத பாடத்தைப் பறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மறக்கலைங்கய்யா," என்றாள் கௌசர். "மேல கூட்டிக்கினு போய் ஒரு தபாகூட நான் சுத்திக் காட்டலை. பொய்யா சைன் போட்டேன்."

"நான்தாங்க போய்க் கேட்டேன்," என்று மங்கையர்க்கரசி கதவோரமாக உட்கார்ந்து அழுதாள்.

"பெத்தவங்க கேப்பாங்கம்மா. முடியாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

சபாபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ஆபீசர்கிட்ட இதைச் சொன்னியாம்மா?"

"இல்லைங்கய்யா. சொன்னா லைசென்ஸ் போயிடும். கேசும் ஆகும்."

"அப்போ எங்கிட்ட மட்டும் வந்து எதுக்குச் சொல்ற? நான் ஐயோ பாவம்னு விட்டுடுவேன், நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம்னா?"

கௌசருக்குச் சுருக்கென்றது. அதற்குத்தானே வந்திருந்தாள்.

அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"கிளம்பு. பத்தரை பஸ்ஸைப் புடிச்சா மத்தியானம் மெட்ராஸ்ல அந்த ஆபீசர்கிட்ட போயிடலாம். எம் பொண்ணு மறந்துடுச்சுன்னு எழுதியிருக்கறதை நீயே சொல்லி அடிக்க வை." பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "நீயும் வா. நீ போய்க் கேட்டதையும் எழுதிக்கட்டும்."

மங்கையர்க்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அத்தனை நேரம் தைரியமாகப் பேசிய கௌசருக்குத்தான் கால் எழவில்லை.