பீங்கான் மங்கு

சிரம்பானில் அன்று அவர்கள் பார்த்த மூன்றாவது காப்பிக் கடை அது. தங்கள் நிச்சயதார்த்தத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஹோட்டல் வேண்டாம், யாராவது சொந்தமாக நடத்தும் சின்னக் கடை போதும் என்றிருந்தான் ஜீவானந்தன். முதல் கடையில் காப்பி புளித்தது. இரண்டாவதில் கரண்டியில் யாருடைய உதட்டுச்சாயமோ ஒட்டியிருந்தது. ஏஞ்சலா இரண்டையும் பாதியில் வைத்துவிட்டாள்.

இந்தக் கடையின் சுவரில் ரப்பர்ப் பால்வெட்டுக் கத்திகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் பால் வாளி. அதில் பிளாஸ்டிக் பூ.

காப்பி பீங்கான் மங்கில் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற மங்கு.

"நெசமான மங்கா?" என்று ஜீவானந்தனிடம் கேட்டாள் ஏஞ்சலா.

"ஒரிஜினல் லா. ஏதோ ரப்பர் எஸ்டேட்ட அழிச்சு செம்பனை நட்டப்போ லோரியில அள்ளிட்டு வந்தாங்களாம்."

பீங்கானின் விரிசல்களில் பழுப்பு இறங்கியிருந்தது. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஏஞ்சலாவின் அம்மா விக்டோரியா பால் வெட்டினாள். பள்ளி விடுமுறையில் ஏஞ்சலாவும் போவாள். மங்குக்குள் விரலை விட்டு வழிப்பது அவள் வேலை. மழைத் தண்ணீரில் நெளியும் புழு, செத்த மரவட்டை, உறைந்து அழுகிய பால். மத்தியானம் அந்தக் கையால் சோறு இறங்காது.

நுரையில் ஓர் இலை வரைந்திருந்தது.

"குடி லா, ஆறிடும்."

"நாத்தம் அடிக்குது."

"நர்ஸம்மாவுக்கு எதப் பாத்தாலும் கிருமி." சிரித்தான். "தாத்தா எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணியா இருந்தப்போ பங்களாவுல இதே மங்குதான். பின்னால பைப்புகிட்ட இருக்கும். தோட்டத்து ஆளுங்க வந்தா அதுலதான் காப்பி. அவங்களே கழுவி வச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு தடவ நான் அதுல தண்ணி குடிச்சிட்டேன். அம்மா டெட்டால் போட்டு வாயக் கழுவி விட்டாங்க."

கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஹாங்கில் அவன் வீட்டுக்கு முதல்முறை போயிருந்தாள். அவன் அம்மா கமலாதேவி எல்லாருக்கும் ரோஜாப்பூ போட்ட கோப்பைகளில் காப்பி கொடுத்தார். ஏஞ்சலாவுக்குக் காகிதக் கோப்பை. கோப்பை போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் கமலாதேவி அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். கண்ணாடி அலமாரியில் ரோஜாப்பூக் கோப்பைகள் மிச்சம் இருந்தன.

"எனக்கு மட்டும் எதுக்குப் பேப்பர் கப்பு?"

"எப்போ?"

"உங்க வீட்டுல."

அவன் சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்தான். திரும்ப வைத்தான்.

"அம்மா பழைய ஆளு லா. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம? நான்தான் முந்தின நாளே கடைக்குப் போயி பேப்பர் கப்பு வாங்கி வச்சேன். இல்லன்னா உனக்குக் காப்பியே வந்திருக்காது." குரலைத் தணித்தான். "உனக்காகத்தான் செஞ்சேன், ஏஞ்சலா."

அவள் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கப் பிடிக்கவில்லை.

எழுந்து காப்பியைப் பிளாஸ்டிக் பூவின் மேல் ஊற்றினாள். காலி மங்கினை மேசையில் கவிழ்த்தாள். இனி வெட்டப்போவதில்லை என்று விட்ட மரத்தில் அம்மா அப்படித்தான் கவிழ்த்துவிட்டு வருவாள். விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் அவன் சட்டைக் கையை நோக்கி ஓடியது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஆளுங்க பாக்குறாங்க. உக்காரு."

"இடம் தேட வேணாம். மிச்ச கப்ப அடுத்து வர்ற பொண்ணுக்கு வச்சிக்குங்க."

வாசலுக்கு வெளியே சாக்கடையில் துப்பினாள். பகாவ் பஸ்ஸுக்கு நடந்தாள்.