துண்டு வீசிய சம்பந்தி

என் சம்பந்தி தையல்காரர். காஜா எடுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பது மட்டும்தான். அதையும் யாராவது சொல்லித்தான் கேட்டிருப்பார்.

அவர் பெற்ற பிள்ளை என் மாப்பிள்ளை. வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்க்கிறவர். நாலு பேர் படகில் போவதைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஆசை வந்து, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். மீன் பிடிக்க இல்லையாம். சும்மா போய்வரவாம். சும்மா போய்வரக் கடல் என்ன பூங்காவா என்று கேட்டேன்.

"மாமா, உங்களுக்குச் சோத்துல கூடச் சந்தேகம்தான்" என்று சிரித்தார். என் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இருக்கிறது ஒரே பெண். அவள் அங்கே வாழ்கிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

படகுக்குப் பாய் தைத்தது சம்பந்தி. ஆரஞ்சு நிறம். கடைத் தரை முழுக்க அதை விரித்துப் போட்டு, வருகிறவனை எல்லாம் சுவரோரமாகப் பல்லி மாதிரி நடக்கவிட்டார். அளவு கொடுக்க வந்தவன்கூட இரட்டைத் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்கள் கரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கடலுக்கு அடியில் மணல்மேடுகள் உண்டு. அலை அவற்றின் மேல் வரிசையாக வந்து உடையும். வெளியே படகில் இருப்பவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். முதுகு எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று இருக்கும். இதற்கா பயந்தோம் என்று தோன்றும். அதன் மூஞ்சி எப்படி இருக்கிறதென்று கரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஒரு ஆள் துடுப்போடு கரையில் நிற்பது. துடுப்பை நட்டமாகத் தூக்கினால் வா. குறுக்கே படுக்கவைத்துப் பிடித்தால் வராதே. அந்த ஒரு ஆளைத் தவிர வேறு யாரும் கையைக்கூட ஆட்டக் கூடாது. முழங்கால் போய்க் கடலுக்குப் போவதை விட்டதிலிருந்து அந்த ஆள் நான்தான். மாப்பிள்ளையிடமும் சொல்லியிருந்தேன். விளம்பரம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்.

அன்றைக்குக் காலையில் கடல் தட்டு மாதிரி கிடந்தது. மாப்பிள்ளையும் மகளும் பாயை விரித்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. திரும்பி வரும்போது வேடிக்கை பார்க்கச் சம்பந்தி தன் தம்பி குடும்பத்தோடு கரைக்கு வந்தார். ஆளுக்கொரு போன். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள்.

"என்ன சம்பந்தி, துடுப்பும் கையுமா நிக்கிறீங்க? யாரையாவது அடிக்கப் போறீங்களா?"

"அடிக்க வேண்டிய ஆள் இன்னும் கரைக்கு வரல."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பாய் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆளே மாறிவிட்டார்.

"பாருங்க, எங்கயாவது ஒரு சுருக்கம் இருக்கா?"

"சுருக்கம் இல்ல. ஆனா அத இப்ப இறக்கியாகணும். அலை கெட்டிருக்கு."

"இறக்கறதுக்கா கண்ணு போகத் தைச்சேன்? நிறைஞ்ச பாயோட உள்ள வரணும். தம்பி வீடியோ எடுக்கறான்ல."

நான் துடுப்பைப் படுக்கவைத்துப் பிடித்தேன். படகு வெளியிலேயே தயங்கியது. அப்போது என் பக்கத்தில் இந்த மனிதர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார். "வா ராஜா! அப்படியே வா!" அவர் குரல் பத்தடி போயிருக்காது. துண்டு படகுவரை போய்விட்டது.

மாப்பிள்ளை அப்பாவைத்தான் நம்பினார். வந்தார்.

முதல் வரிசையிலேயே அலை படகைப் பின்னாலிருந்து தூக்கியது. சுக்கான் தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது. தண்ணீரில் இல்லாத சுக்கானைப் பிடித்துத் திருப்புவதும் கதவில்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் ஒன்றுதான். படகு குறுக்கே திரும்பியது. பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறந்து மாப்பிள்ளையின் நெற்றியில் அடித்தது. ஆள் படகுக்குள் சுருண்டு விழுந்தார்.

"சூப்பரா திரும்புதுண்ணே!" என்றான் வீடியோ எடுத்த தம்பி.

படகு கவிழாதது அதிர்ஷ்டம். அடுத்த அலைக்குள் என் மகள் கத்தியை எடுத்துப் பாயின் கயிற்றை அறுத்தாள். ஆரஞ்சு பாய் மொத்தமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தது. சம்பந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை விழுந்தபோது கூட அப்படி வைக்கவில்லை.

இப்போது அவள் இரண்டு வரிசைக்கு நடுவில். திரும்பி வெளியே போகத் தெம்பு போதாது. அங்கேயே நிற்கவும் முடியாது. படகின் மூக்கைக் கடலுக்குக் காட்டி, துடுப்பு இரண்டையும் போட்டு, கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். இப்படித்தான் உள்ளே வர வேண்டும். அலை ஓய்ந்தால் துடுப்பைத் தள்ளிப் பின்பக்கமாகக் கரைக்கு நகர வேண்டும். அலை வந்தால் இழுத்து, மூக்கால் அதை ஏறிக் கடக்க வேண்டும். ஒரே ஒரு சங்கடம். துடுப்பு போடுகிறவருக்கு அலை முதுகுப் பக்கம். எது எப்போது வருகிறதென்று கரையில் நிற்பவன் காட்டினால்தான் உண்டு.

அவளுக்குப் பின்னால் பெரிய அலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நான் துடுப்பைப் படுக்கவைத்தேன். பக்கத்தில் மறுபடியும் துண்டு சுற்றியது.

"வாம்மா! சீக்கிரம் வா!"

"துண்டக் கீழ போடுங்க."

"என் பிள்ளை அதுக்குள்ள கிடக்கறான்யா!"

"என் பொண்ணும்தான் இருக்கா. போடுங்க கீழ."

போடவில்லை. மகள் என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள். அவள் கை துடுப்பிலேயே நின்றுவிட்டது. இழுப்பதா, தள்ளுவதா?

பேசிப் பயனில்லாத ஆளிடம் நான் பேசுவதில்லை. காலுக்குப் பின்னால் காலை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். மல்லாக்க விழுந்தார். எழுந்தால் மறுபடி ஆட்டுவார் என்று அவர் வயிற்றின் மேலேயே உட்கார்ந்து துடுப்பைக் குறுக்கே பிடித்தேன்.

மகள் இழுத்தாள். படகு அலையில் செங்குத்தாக ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. விழுந்த சத்தம் கரைவரை கேட்டது.

"ஐயோ, கிழவன் அண்ணனைக் கொல்றான்!" தம்பி போனைக் கீழே போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை முதுகில் கிழிந்தது. அதைத் தைத்தவர் எனக்குக் கீழேதான் கிடந்தார், அதனால் குறை சொல்ல ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. தம்பி பெண்டாட்டி கைப்பையால் தலையில் அடித்தாள். அடிக்கட்டும். என் கண் கடலை விட்டு நகரவில்லை. படுக்கவைத்தேன், இழுத்தாள். நட்டமாகத் தூக்கினேன், தள்ளினாள். இன்னொரு அலை வந்தது, அதையும் ஏறினாள். பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்கியது. தூக்கிய துடுப்பை நான் இறக்கவே இல்லை. தள்ளித் தள்ளி வந்து மணலில் முட்டினாள்.

மாப்பிள்ளை நெற்றியில் ஒரு உருண்டையோடு எழுந்து பார்த்தார். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"எங்கப்பா மேல ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றார்.

சம்பந்தி கீழேயிருந்து முனகினார். "பாய் எங்கம்மா?"

"கடல்ல மாமா. போய் எடுத்துக்குங்க" என்றாள் மகள். அவள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீயும் எந்திரிப்பா. அவருக்கு மூச்சு முட்டுது" என்றாள். எழுந்தேன். அவள் சொன்னதால் எழுந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே பேச்சு. நான் காலில் விழாவிட்டாலும் வாயாலாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பெரிய மனிதரை ஊர் பார்க்க மணலில் சாய்த்துவிட்டேனாம். வீடியோவில் அது மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறதாம். அவர்கள் குடும்பத்துக்கு எது தெளிவாகத் தெரிந்தது, இது தெரிவதற்கு?

மகள் தனியாக வந்தாள். கையில் சுற்றிய துணிக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்டுடேன்பா. வீட்ல நிம்மதியே இல்ல."

"கேக்க மாட்டேன். அந்த ஆளு திரும்பத் துண்ட எடுத்தா திரும்ப உக்காருவேன்."

"சரி, நீ கேட்டுட்டேன்னு நானே சொல்லிடறேன்."

"சொல்லிக்கோ. அழுதுகிட்டே கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத."